முதல் பக்கத்துக்கு முன்பே இறந்தவள்

சாக்கின் வாயைப் பிரித்ததும் பாச்சை உருண்டையின் நெடி வந்தது. அப்பாவின் பழைய பேப்பர் கடைக்கு வரும் மூட்டைகளில் வழக்கமாக எண்ணெய்ப் பிசுக்கும் எலிப் புழுக்கையும் நனைந்து காய்ந்த செய்தித்தாளும் சேர்ந்த ஒரு வாடைதான் இருக்கும். இந்த மூட்டை மட்டும், யாரோ பட்டுப்புடவை மடித்து வைத்த பெட்டியைத் திறந்ததுபோல் மூக்கில் ஏறியது. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட புத்தகங்கள் என்று அப்பா சொன்னார். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வோர் அட்டையிலும் நீண்ட கவுன் போட்டு, தலையில் துணித்தொப்பி கட்டிய ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கோதுமை வயல், தூரத்தில் ஒரு மரவீடு, சில அட்டைகளில் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆண்.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருந்த அந்தக் கடையை ஊரில் "காயலாங்கட" என்பார்கள். அப்பாவின் தங்கை கோகிலா அத்தை, தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டே, பகல் முழுவதும் கடையைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் புத்தகங்களை மில்லுக்குப் போகும் லாரியில் ஏற்றவிடாமல் தராசுக்குப் பின்னால் அடுக்கி வைத்தவள் அவள்தான். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்; கோடை விடுமுறை. மதியம் ஆள் வராத நேரத்தில் அத்தை படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, நான் அட்டைப்பெட்டிக் குவியலின் மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கதைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. அமெரிக்காவின் மேற்கே நிலம் தேடிக் குடியேறிய ஒருவன், அங்கே கட்டிக்கொள்ளப் பெண் கிடைக்காமல் கிழக்கே உள்ள பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பான். கடிதத்தை மட்டும் நம்பி ஒருத்தி ரயிலேறிப் போவாள். சில கதைகளில் அவளே வேறொரு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவளாக இருப்பாள். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இன்று வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அன்று கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தேன்: ரயில் நிலையம், ஏமாற்றம், பனிப்புயல், காய்ச்சல், ஜெபம், முத்தம். கடைசியில் உள்ளதை அத்தை ஒருமுறையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் ஒரு பக்கத்தைப் புரட்டினால் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜெபங்களை மட்டும் அவள் ரசித்துச் சொல்வாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒலிபெருக்கியில் கேட்ட குரலை வரவழைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த ஏழை அடிமைக்கு ஒரு வழி காட்டும்" என்று அவள் கண்ணை மூடும்போது, பழைய இரும்பு கொண்டுவந்தவர்கள்கூட ஒரு நொடி நின்று கேட்பார்கள். அந்தக் கதைகளின் ஆண்கள் சாப்பாட்டுக்கு முன் தலைகுனிவது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

"நம்மூர்ல எவனாவது சோத்து முன்னாடி தலை குனியறானா? உப்பு கம்மின்னுதான் தலைய நிமிர்த்தறான்" என்பாள்.

"வெள்ளக்காரிங்களுக்கு மாப்ள பாத்துக்கினே இரு. உனக்கு எவன் பாக்கறது?" என்று சாப்பாட்டுத் தூக்கோடு வரும் அம்மா இடிப்பாள்.

ஒருநாள் அத்தை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பாப்பா, ஒண்ணு கவனிச்சியா? எல்லா கதையிலயும் மொதல்லயே ஒருத்தி செத்துப் போயிருக்கறா."

நான் கவனிக்கவில்லை. சுவரில் இருந்த என் வரிசையிலும் அது இல்லை.

"மொத சம்சாரம். காய்ச்சல்ல செத்தா, புள்ள பெத்து செத்தா, அவ்ளோதான், ஒரு வரி. அவளும் இப்படித்தான எங்கிருந்தோ வந்து எறங்கியிருப்பா? அவளப் பெத்தவ இன்னா ஆனா? ஒருத்தரும் எழுதல."

அதற்குப் பிறகு நான் அட்டைகளைப் பார்க்கும் விதம் மாறிப்போனது. கவுன் போட்ட பெண்ணுக்குப் பின்னால், அந்த மரவீட்டின் கறுத்த சன்னலுக்குள், முன்பே வந்து போய்விட்ட இன்னொருத்தி நிற்பதாக எனக்குத் தோன்றிவிட்டது. பகல் வெளிச்சத்திலும் அந்தப் புத்தகங்களை அட்டை கீழாக வைக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கோடையிலேயே அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்த தரகர் ஒரு கைப்பேசியில் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினார். பல்லடம் பக்கம், சொந்தத் தறி, பெயர் சுப்பிரமணி, முப்பத்தைந்து தாண்டியவர், மனைவி இறந்துவிட்டாள், ஒரு பெண் குழந்தை.

"அந்தப் பக்கம் பொண்ணு கெடைக்கறதில்லம்மா. நகை நட்டு எதுவும் வாணாம், அவங்களே வந்து கட்டிக்கினு போறாங்க" என்றார்.

"மொத சம்சாரம் எப்படி செத்தாங்க?" என்று அத்தை கேட்டாள்.

"ஏதோ காய்ச்சல்னாங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அங்கே போய்விட்டால் ஒரு வரியாகிவிடுவாள் என்ற பயம் அன்று என்னைப் பிடித்ததுதான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பியபோது அத்தை தானும் வருவேன் என்றாள். "பொண்ணே போயி வூடு பாக்கறது எந்த ஊரு வழக்கம்?" என்றாள் அம்மா. "முன்ன பின்ன தெரியாம ரயிலேறிப் போயி எறங்கி நிக்கறத விட இது மேல், அண்ணி" என்றாள் அத்தை. அப்பா எங்கள் எல்லோரையும் பேருந்தில் ஏற்றினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் பெண்வீட்டார் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். அதைக் "கை நனைக்கிறது" என்பார்கள். அதனால் தறிச் சத்தம் ஓயாத அந்த வீட்டில், வைத்த தட்டுகளைத் தொடாமல் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ததும்பும் சொம்பைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டியது. தாரணி என்று பெயர். "இப்ப வாணாண்டா கண்ணு" என்று அத்தை அதைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள். சாமி படங்கள் இருந்தன. பெரியவர் ஒருவரின் மாலை போட்ட படம் இருந்தது. இறந்துபோனவளின் படம் இல்லை.

"தாரணியோட அம்மா படம் எங்கங்க?"

"ஒண்ணுகூட எடுக்கலீங்க" என்றார் சுப்பிரமணி.

அவருடைய அம்மா இடையில் புகுந்தார். "அலமேலும் உங்க பக்கத்துப் புள்ளதானுங்க. கல்வராயன் மலை. நல்ல ஒழைப்பாளி. அதனாலதான் மறுபடியும் அங்கயே பாக்கச் சொன்னமுங்க."

"அவங்க வூட்டுக்குச் சொல்லி அனுப்பினீங்களா?"

"யாருக்குன்னு சொல்றதுங்க? பொரோக்கர்தான் கூட்டியாந்தான். அவனும் போனு எடுக்கல. அத்தாம்பெரிய மலையில எங்கீன்னு போய்த் தேடறது?"

சுப்பிரமணி தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு தடவ அவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிட்டே இருந்தனுங்க."

அத்தை எழுந்தாள். "மொதல்ல இந்தப் புள்ளைய மலைக்குக் கூட்டிக்கினு வாங்க. அவ அம்மாவப் பெத்தவங்களக் கண்டுபுடிக்கலாம். அதுக்கப்புறம் நான் பதில் சொல்றேன்."

அவர் வரமாட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். வெள்ளிமலையில் சந்தை கூடும் நாளாகப் பார்த்து, கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்தில் ஏறினோம். கையில் ஒரு பெயர் இருந்தது. ஊர் இல்லை, படம் இல்லை. அத்தை சந்தையின் நடுவில் தாரணியை முன்னால் நிறுத்தி, தோளில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் சாமை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் படியைக் கீழே வைத்துவிட்டு வந்து, குழந்தையின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது அலமேலு மூஞ்சியாச்சே" என்றாள்.

அவள் அலமேலுவின் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். வெகுநேரம் கழித்து, நடந்தே வந்திருந்த ஒல்லியான ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். அத்தையைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் தலையில் கையை வைத்து, சிரித்துக்கொண்டே, பேருந்து நிற்கும் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்கம்மா எங்கடி? இன்னும் பஸ்ஸ வுட்டு எறங்கலியா?"

அப்பா வாயைத் திறந்தபோது அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டீக்கடை ஓரமாக ஒதுங்கியிருந்த சுப்பிரமணியைப் பார்த்தாள். "நீங்கதான் சொல்லணும்." அவர் வந்து அந்த அம்மாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து, மெல்லச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. போக வழி தெரியாததுபோல அது முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

அவருடைய வீட்டுக்குப் போனோம். அன்று அங்கே அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வந்தன. அந்த அம்மா தொடவில்லை. அத்தை பிசைந்து நீட்டியும் வாங்கவில்லை. வெகுநேரம் அத்தையையே பார்த்துவிட்டு, "நீதான் அந்த வூட்டுக்குப் போப்போறவளா?" என்று கேட்டார்.

அத்தை கவளத்தை நீட்டியபடியே இருந்தாள்.

"நீ துன்னு. நீ துன்னா நானும் துன்றேன்."

அத்தை கையிலிருந்த கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அப்பா அவள் கையையே பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தறிவீட்டில் நனையாத கை இங்கே நனைந்துவிட்டது. பிறகு அந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் நான் அழுதேன். போகாதே என்றேன். அத்தை சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அந்தப் புள்ள இங்க வந்து போவறதுக்கு ஒரு ஆளு வேணும், பாப்பா."

அத்தையின் கல்யாண வாழ்க்கை அந்தப் புத்தகங்களின் கடைசி அத்தியாயம்போல் அமைந்தது என்று சொல்லமாட்டேன். தறிவேலை கடுமை, மாமா அதிகம் பேசாதவர், மாமியார் அலமேலுவின் பெயரைச் சாகும்வரை உச்சரிக்கவில்லை. ஆனால் ஆண்டு தவறாமல் தைப் பொங்கல் முடிந்ததும் தாரணியைக் கூட்டிக்கொண்டு அத்தை மலையேறினாள். வயது ஏற ஏற அந்த அம்மாவுக்கு நினைவு குழம்பியது. பேத்தியை "அலமேலு" என்றே கூப்பிட ஆரம்பித்தார். "தறியில கைய கிய வுட்டுடாத, அலமேலு" என்பார். தாரணி திருத்தியதில்லை. "சரிம்மா" என்பாள்.

இன்று துருகம் ரோட்டில் எங்கள் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. அப்பா கடையை விட்டபோது அந்தப் புத்தகங்கள் மற்ற காகிதங்களோடு சேர்ந்து மில்லுக்குப் போய்க் கூழாகிவிட்டன. போன வருடம் மலையில் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார். சாமை விற்ற பெண்ணை இப்போது சந்தையில் யாருக்கும் தெரியவில்லை. மாமாவிடம் அலமேலு எப்படி இருப்பாள் என்று கேட்டால், தாரணியைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். திரும்பும் பேருந்துக்காக அத்தை, தாரணி, நான் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். தாரணி செவிலியர் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறாள். அலமேலு இறந்த வயதை அவள் எட்டிவிட்டதாக அத்தை என் காதில் சொன்னாள். அது தாரணிக்கும் கேட்டிருக்க வேண்டும். மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தன நாளும் நான் என்னைப் பெத்தவங்க மாதிரி இருக்கறேன்னாங்க. இனிமேல்ட்டு நான் யாரு மாதிரிங்கம்மா இருப்பேன்?"

அத்தை அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பேருந்து வந்து நின்று, நடத்துநர் ஏறச் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள்.