தண்டவாளத்தில் நடந்த வருஷங்கள்

வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டி எங்கள் வீடு. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாதை அது. என் சிறுவயதில் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக அதை நிறுத்தினார்கள். வேலை முடிய வருஷக்கணக்கில் ஆனது. அதற்குள் ஜனங்கள் ரயிலை மறந்துவிட்டார்கள். தண்டவாள மேட்டில் ஆடு கட்டினார்கள், மிளகாய் காயவைத்தார்கள். நர்சிங் படிக்க நான் நடந்து போனதும் அதன் மேல்தான்.

அகலப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. நடக்கும் பழக்கம் மட்டும் யாரையும் விடவில்லை. முதலில் பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு அடிபட்டுச் செத்தன. பிறகு பாதைக்கு மேலே மின்கம்பி வந்தது, கரண்ட் வண்டி ஓடியது. தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துப் போகும் ரயில்வே ஊழியர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பழைய வண்டி மாதிரி இல்லம்மா இது. கிட்ட வந்தப்புறம்தான் சத்தமே கேக்கும். எல்லாருக்கும் சொல்லி வெய்யி."

என் கணவருக்குத் தோல் கம்பெனியில் வேலை. தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களின் இரைச்சலுக்கு நடுவே பதினைந்து வருஷம் நின்றவர். தினமும் காலையில் தண்டவாளத்தோடு நடந்துபோய்க் கம்பெனி பஸ் பிடிப்பார். கொஞ்ச நாளாகவே, பின்னால் குழந்தை அழுதால் அவர் திரும்புவதில்லை. நான் நர்ஸ், எனக்குப் புரியாமல் இல்லை.

"வாங்க, காதை டெஸ்ட் பண்ணிடலாம்."

"செவுடுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. சும்மா இரு."

சும்மா இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு நாள் இரவு டியூட்டி முடித்து, காலையில் தண்டவாளத்துக்குக் கீழே மண் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். மேட்டின் மேல் அவர் எனக்கு எதிரே வந்தார். அவருக்குப் பின்னால், வளைவில், வண்டி. ஹாரன் விடாமல் அடித்தது. அவர் நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

பையைப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டே ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தவர் தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். இனிக் கத்திப் பயனில்லை. வலி வந்தவள் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தேன்.

"இன்னா ஆச்சு!" என்று அவர் சரிவில் பாய்ந்து இறங்கினார். பாதி இறங்குவதற்குள் வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் ஓடியது. காலடியில் மண் அதிர்ந்த பிறகுதான் திரும்பினார். கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆரன் அடிச்சானா?"

"அடிச்சுக்கினே வந்தான்."

என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே காதைக் காட்டினோம். மெஷின் வைத்தார்கள். வேலை போகவில்லை, பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். இப்போது ரோடு சுற்றித்தான் போகிறார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார்கள். வண்டிகளின் வேகத்தைக் கூட்டப் போவதாகப் பேச்சு. மேட்டின் மேல் ஒற்றையடிப் பாதை புல் முளைக்காமல் பளிச்சென்று கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால், யாராவது ஒருவர் அதில் போய்க்கொண்டிருக்கிறார்.