கழுகின் கழுத்துக் கட்டி

பஸ்ஸில் ஏறினால் அவர் டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவன் கட்டாயம் டிக்கெட் எடுத்த இடத்துக்கு மேல் இரண்டு ஸ்டாப் தாண்டி உட்கார்ந்திருப்பான். இருபத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராகக் குப்பை கொட்டியதில் அவர் கற்றது இது. டிப்போவில் அவரைக் கழுகு என்பார்கள், அவர் காதுபடவே. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கழுகுக்கு இடது தாடைக்குக் கீழே, கழுத்தில், ஒரு கட்டி. வலி கிடையாது. அழுத்தினால் மட்டும் வறட்டு இருமல் வரும். ஸ்கேன், ஊசி குத்திப் பார்த்தது எல்லாம் முடிந்து, மனைவியோடு டாக்டர் எதிரே உட்கார்ந்தார்.

"கேன்சர் இல்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டர், இவர் வாயைத் திறப்பதற்குள்.

கேட்காமலே நீட்டுகிறானே! போயிற்று, எல்லாம் முடிந்தது. நரம்பின் மேலுறையில் அபூர்வமாக வளரும் கட்டி, பரவாது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிறகும் என்னென்னவோ சொன்னார். இவர் காதில் ஏறவில்லை. டாக்டரின் கண் எத்தனை முறை மனைவி பக்கம் போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து முறை. நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வீட்டிலும் மனைவியின் போக்கு சரியில்லை. இவர் பேச ஆரம்பித்தால் போனைக் கையில் எடுப்பாள். பக்கத்தில் போனால் கவிழ்த்து வைப்பாள். சமையலறையில் மகளோடு குசுகுசுப்பு வேறு. சாகப் போகிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். யாரிடம் கேட்பது? கேட்டால் பொய்தான் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை, ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் கையை நீட்டினார், பஸ்ஸில் நீட்டுகிற அதே மாதிரி.

"போனைக் குடு."

"எதுக்குங்க?"

"என்னத்தையோ மறைக்கிற. குடு."

கொடுத்தாள். உள்ளே நாற்பது பதிவுகளுக்கு மேல் இருந்தன. ஒன்றை அமுக்கினார். 'உப்பு போட்டியா, இல்லியா?' அவருடைய குரல். அடுத்தது: 'இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசின?' அதற்கடுத்தது: 'செருப்ப யாரு நகத்தினது?'

"என்னடி இது?"

"கட்டி குரல் நரம்போட ஒட்டியிருக்கு, எடுத்தா உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா குரல் கம்மிப்போகும், பழையபடி வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாரே. நீங்களும் தலைய ஆட்டினீங்க. அப்புறம் அதப் பத்தி வாயே திறக்கல. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் கேக்கல."

சாவு பயம் அந்த நிமிடமே விலகியது. இன்னும் நாலைந்து பதிவுகளை அமுக்கிக் கேட்டார்.

"எல்லாம் அதட்டலாவே இருக்கே. நல்லதா ஒண்ணும் எடுக்கலியா?"

"பேசினாத்தானே எடுக்கிறதுக்கு."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "சரி, இப்ப எடு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அமுக்கிவிட்டுக் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். கேள்வி கேட்டே பழகிய வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை.

"நீ சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"இத்தன வருஷத்துல இத ஒண்ணத்தான் நீங்க கேட்டதில்ல" என்றாள், அழுதுகொண்டே.