சுவருக்கு வெளியே என் மகனுக்கு ஒரு பெயர் இருந்தது

எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. என் பக்கத்தில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லுகிற அக்காமார் தங்கச்சிமாருக்கு என் வாய் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தலைச்சன் பிள்ளை எழுபத்தொன்றாம் வருடம் ஐப்பசியில் பிறந்தான். பதினோராம் நாள் காலையில் செத்துப்போனான். கோயிலில் அவனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கவில்லை. ஏன் ஆகவில்லை என்றால், தோணி வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தலைச்சன் ஆண்பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியண்டை ஏந்துகிற ஞானத்தகப்பன், அப்பாவுக்கு மூத்தவராகத்தான் இருக்க வேண்டும். என் கணவரின் அண்ணன் தோணி ஓட்டும் தண்டல். வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார். அங்கே சரக்கு இறக்க இடம் கிடைக்கவில்லை, இறக்கியபின் காற்றும் சரியில்லை. பிள்ளையை எட்டு நாளுக்குள் கொண்டுவாருங்கள் என்று அப்போதைய பங்குச்சாமி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்.

“மூத்தவன் இல்லாம எப்படிச் சாமி? இன்னைக்கோ நாளைக்கோ தோணி தலை காட்டிரும்” என்று என் மாமியார் பதில் சொல்லிவிட்டார்கள்.

நானும் சும்மா இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். கொழும்பிலிருந்து பூவேலை செய்த வெள்ளைச் சட்டை வருகிறது, அதைப் போட்டுத்தான் என் மகன் கோயிலுக்குள் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

பதினோராம் நாள் விடிந்ததும் பிள்ளைக்கு மேலெல்லாம் சுட்டது. பால் குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மாமியார் அவனை என் மடியிலிருந்து பறித்துக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினார்கள். நான் பச்சை உடம்புக்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். போய்ச் சேர்ந்தபோது, சாமிக்குக் கூடமாட வேலை பார்க்கிற கோயில்பிள்ளை செம்பும் கையுமாகப் படியில் நின்றுகொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

“உயிர் இல்ல மைனி. செத்த பிள்ளைக்கு ஊத்தக் கூடாது” என்று அவர் என் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் ஞான உபதேசத்தில் படித்ததுதான். வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தோணி வந்தது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை நம் ஊரில் எங்கே புதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கடல் பக்கமாக, உடைமரம் நிற்கிற இடம். மணி அடிக்கவில்லை. சாமி வரவில்லை. என் கணவரே குழி தோண்டினார். சிலுவை நடக் கூடாது என்றார்கள், ஒரு பாறாங்கல்லைத் தூக்கிவைத்தார். பெயர் வைக்காத பிள்ளை என்பதால் கல்லில் எழுதவும் ஒன்றும் இல்லை.

நாற்பது நாள் கழிந்து நான் பங்குச்சாமியிடம் போய், என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தான் படித்ததைச் சொன்னார். நரகம் இல்லை, பயப்படாதே என்றார். பாவம் கழிகிற உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே வலி கிடையாது, பசி கிடையாது. ஆனால் கடவுளின் முகத்தை மட்டும் பார்க்க முடியாது.

“நான் மோட்சத்துக்குப் போனா அவனப் பாப்பேனா சாமி?”

“பார்க்க முடியாதும்மா. ஆனா மோட்சத்துல உனக்கு எந்தத் துக்கமும் இருக்காது.”

“பிள்ள நெனப்பே இருக்காதா?”

அவர் செபப்புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டார். என் மகனை மறந்தால்தான் எனக்கு மோட்சம் என்றால், அந்த மோட்சத்தை வைத்து நான் என்ன செய்ய என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் சாமி கையால் நன்மை அப்பம் வாங்கவில்லை. பூசைக்குப் போவேன், ஊர் வாய்க்குப் பயந்து. எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போகும்போது நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் சிலர் அதைப் பற்றிப் பேசியதும் என் காதுக்கு வந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் மூன்றாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்தோம். யாருடைய தோணிக்கும் காத்திருக்கவில்லை.

வருடா வருடம் கல்லறைத் திருநாள் அன்று நீங்கள் உங்கள் கல்லறைகளைக் கழுவிப் பூப் போட்டு மெழுகுதிரி ஏற்றுவீர்கள். சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வருவார். சுவர் வந்ததும் திரும்பிவிடுவார். நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் திரும்புகிற சத்தத்தைக் கேட்பேன். என் திரியைக் கடல்காற்று அணைத்துவிடும்.

எழுபத்தேழாம் வருடக் கல்லறைத் திருநாளில் அங்கே நின்று ஒரு செபம் சொன்னேன். அதைச் செபம் என்று சொல்லலாமோ கூடாதோ. “ஆண்டவரே, உமக்கும் எனக்கும் இனி ஒரே ஒரு பேச்சு. அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லும். சொல்லாவிட்டால் நான் உம் வீட்டுப் பக்கம் வரப்போவதில்லை, செத்த பிறகும்.” அழவில்லை. கோபத்தில்தான் சொன்னேன்.

அடுத்த ஆகஸ்டில் தூத்துக்குடி பெரிய கோயில் திருவிழாவுக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ என் தோளைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள். என் தலைச்சன் பேறு பார்த்த மருத்துவச்சி. ஆற்றங்கரைப் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி, இந்துக் குடும்பம். என் பேறு முடிந்த வாரமே மகனுக்குச் சாகுபுரத்து ஆலையில் வேலை கிடைத்து அவனோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

“ஏளா ரோசம்மா, நல்லா இருக்கியா? ரெண்டும் பொட்டப்பிள்ளையா நிக்கி. தலைச்சன எங்கன? ஏழு வயசு ஆவப்போவுதே அவனுக்கு.”

பதினோராம் நாளே போய்விட்டான் என்றேன். அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “அன்னைக்கே தண்ணி ஊத்தினனே, அந்த மட்டுக்கும் நல்லதாப் போச்சு” என்றாள்.

“என்ன தண்ணி?”

“ஒனக்குத் தெரியாதா? நீ மயங்கிக் கெடந்த. பிள்ள நீலம் பாரிச்சு, மூச்சுப் பேச்சு இல்லாம வந்தான். நான் முன்ன கன்னியாஸ்திரியம்மாமாரு ஆஸ்பத்திரில ஆயா வேல பாத்தவல்லா. சாவப்போற வேதக்காரப் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு அந்த அம்மாமாரு சொல்லிக்குடுத்திருக்காவ. சொம்புத் தண்ணிய மூணு மட்டம் தலையில ஊத்தினேன். சூசை, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்னு சொன்னேன். மூணாவது மட்டம் ஊத்தவும் வீல்னு கத்திட்டான்.”

“சூசையா?”

“பேரு இல்லாம ஊத்தக் கூடாதும்பாவ. பையன்னா சூசை, பொண்ணுன்னா மரி. நான் எல்லாத்துக்கும் அதத்தான் வைப்பேன். ஒன் மாமியா பக்கத்துலதான நின்னா, அவ சொல்லலியா?”

சப்பரம் பார்க்கவில்லை. அடுத்த வண்டியிலேயே வீட்டுக்கு வந்தேன். மாமியார் கொல்லையில் மீன் அரிந்துகொண்டிருந்தார்கள்.

“பேச்சியம்மா தண்ணி ஊத்துனது உங்களுக்குத் தெரியுமா அத்த?”

கத்தி நின்றுபோனது.

“அது செல்லாதுளா. அவ இசக்கியம்மன் கோயிலுக்குப் போறவ. அவ கையால ஊத்துனது எப்படி ஞானஸ்நானம் ஆவும்? வெளிய சொன்னா கேவலம்னு நெனச்சேன். மூத்தவன் வந்து ஏந்தட்டும், மொறையாச் செய்வோம்னு இருந்துட்டேன்.”

“அவனப் பொதைக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லா?”

“செல்லாததச் சொல்லி என்னளா?”

“செல்லுமா செல்லாதான்னு சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேக்கல.”

ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டியவர்கள். நான் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய் வாங்கியவர்கள். அன்று நான் வாய்விட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அப்போது நம் ஊருக்குப் புதுச்சாமி வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பேச்சியம்மாளைக் கூட்டிவரச் சொன்னார். என் கணவர் சாகுபுரம் போய்க் கூட்டிவந்தார். சாமி ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்து, அன்று செய்தபடியே செய்துகாட்டச் சொன்னார். அவள் வெறுந்தரையில் குனிந்து, இல்லாத பிள்ளையின் தலையில் மூன்று தரம் ஊற்றி, அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள். என் மாமியார் கதவோரம் நின்று பார்த்தார்கள்.

“எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?” என்று சாமி கேட்டார்.

“நான் கும்புடுத சாமி வேற. அது அவிய பிள்ள. அவிய சாமிகிட்ட போவணும்லா.”

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “இது செல்லும்மா. ஆபத்துல யார் ஊத்துனாலும் செல்லும். உன் மகன் அன்னைக்கே மோட்சத்துக்குப் போயிட்டான்” என்றார்.

நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. ஏழு வருடமும் என் மகன் உள்ளே இருந்திருக்கிறான். நான்தான் வெளியே நின்றிருக்கிறேன். பெயரில்லாத பிள்ளை என்று அழுதேனே, அவன் பெயர் சூசை. பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முன் சாமி என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைய எடுத்துச் சுவருக்கு உள்ளே வச்சிரலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த உடைமரத்தடியில் எனக்குத் தெரிந்து இன்னும் எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் ஊற்ற ஒரு பேச்சியம்மாள் வாய்க்கவில்லை. என் மகனை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், அந்த எட்டுத் தாய்மாரிடமும் நான் பழைய சாமி சொன்னதையே சொன்னதாக ஆகும். சாமி யோசித்துப் பார்த்துவிட்டு, தீர்த்தச் செம்போடு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஒன்பது கல்லிலும் தெளித்தார். அன்று நான் நன்மை வாங்கினேன்.

மாமியாரை மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும், தெரியும். பாதி மன்னித்திருக்கிறேன். மீதிக்கும் செபிக்கிறேன். செத்தால் தன்னைச் சுவருக்கு வெளியே அவன் பக்கத்தில் வைக்கச் சொல்லி அவர்கள் என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மோட்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நாங்கள் மறந்துபோன தண்ணீரை, தம்மைக் கும்பிடாத ஒருத்தியின் கையால் என் பிள்ளைக்கு ஊற்றவைத்தவர், தண்ணீர் கிடைக்கவில்லை என்பதற்காக மற்ற எட்டையும் வாசலில் நிறுத்துவார் என்று நான் நம்ப மாட்டேன். இது தப்பு என்றால் அவரே என்னிடம் சொல்லட்டும். கோபத்தில் கேட்டதற்கே பதில் சொன்னவர் அவர். உங்களுக்குள்ளும் கேட்க முடியாமல் ஒன்று கிடந்தால் கேளுங்கள், பணிவாகக் கேட்க வராவிட்டாலும் கேளுங்கள்.

அந்த எட்டுப் பேரின் தாய்மாரில் மூன்று பேர் இந்த ஊரில்தான் இருக்கிறீர்கள். போன வருடம் நீங்கள் வெளியே வரவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே நின்றீர்கள். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு ஒரு பெயரும் யோசித்துக்கொண்டு வாருங்கள். கடல்காற்றில் திரி அணையும், நான் தீப்பெட்டி வைத்திருப்பேன்.