நாலும் அஞ்சும் ஒரே சர்வரில்

பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஜவுளிக்கடைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு திருமணத் தகவல் மையம் என்று ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதியவள் நான். பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியின் நான்காம் பதிப்பில் எழுதியிருந்தேன். அன்றைக்கு அதுதான் இருந்தது.

ஐந்தாம் பதிப்பு வந்த பிறகு, முதலாளியின் மச்சினன் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். வந்த வாரமே யாரிடமும் கேட்காமல் சர்வரில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். என் சைட்டுகளில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் திரையாக நின்றன. போன் மேல் போன். முதலாளி என் மேஜைக்கு வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்.

“இம்புட்டு வருசமா என்னத்தத்தான் எழுதிக் கிழிச்ச? ஒரு மாத்தத்துக்குத் தாங்கலையே!”

“அண்ணே, ரெண்டையும் ஒரே சர்வர்ல ஓட விடலாம். பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு. நான் செய்யிறேன்.”

மச்சினன் சிரித்தான். நான் செய்தேன். நாலைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்து, அஞ்சை வேறு ஃபோல்டரில் தனியாக நிறுவி, எந்த சைட் எதில் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சர்வரில் எழுதி வைத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் எழுந்துவிட்டன. முதலாளி வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, “நம்ம மாப்ள சரிபண்ணிட்டான்” என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதல் எனக்குப் பெயர் ‘நாலு’. “நாலுகிட்டக் கேளு.” “நாலு சாப்பிட்டுருச்சா?” என் மேஜை ஏ.சி. அறையிலிருந்து கக்கூஸ் பக்கத்துக்குப் போனது. என் சைட்டுகளை ஒவ்வொன்றாக அஞ்சுக்கு மாற்றுவதற்குப் புதிதாக ஒரு பெண்ணை வைத்தார்கள். ஒன்று மாறியதும் உள்ளே கைதட்டுவார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்துவைத்துத் தட்டுவார்கள்.

திருமண மையத்தின் சைட்டை மாற்றிய அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மச்சினன் என் வரன் விவரத்தையே திரையில் எடுத்தான். அப்பா என்னை அதில் பதிவு செய்திருந்தது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். உரக்கப் படித்தான். உயரம், நிறம், வீட்டு மொழி சௌராஷ்டிரம், எதிர்பார்ப்பு: படித்த, நல்ல குணமுள்ள மணமகன்.

“வயசப் பாருங்க மாமா. இதையும் புது வெர்சனுக்கு மாத்திரலாமா?”

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதலாளி கூப்பிட்டார். “எல்லாம் மாறிருச்சு. நாலத் தூக்கிரு. நீதான போட்ட, ஒங் கையாலயே எடு.”

அவர் பின்னால் நிற்க, அழிக்கும் கட்டளையை அடித்தேன். நொடியில் போய்விட்டது.

“சரி. நாளையிலருந்து நீயும் வர வேணாம்மா.”

“வாரேண்ணே” என்றேன், பழக்கத்தில். அதற்கும் உள்ளே சிரித்தார்கள். அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை தாங்கிக்கொண்டேன். ஏறியதும், டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

பிறகு, பள்ளித் தேர்வு முடிவு வந்த காலையில் வீட்டுப் போன் அடித்தது. மச்சினன். “அக்கா” என்றான். அப்படி அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூட சைட்டில் முடிவு பார்க்கும் பக்கம் வருடத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். அதை மட்டும் அஞ்சுக்கு மாற்றாமலே விட்டிருக்கிறார்கள்; நாலு போனதால் அது திறக்கவில்லை. பெற்றோர்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்களாம்.

“நால மறுபடி எப்பிடிக்கா போடுறது? அன்னைக்கு ரெண்டும் சேந்து ஓடுச்சே, சொல்லுக்கா.”

அவனுக்குப் பின்னால் முதலாளியின் குரல். “வெளங்காத பயலே, மானத்த வாங்கிட்டியேடா!” அடுத்து, பளாரென்று ஒரு அறை.

நான் போனை வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் விசும்பத் தொடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.