வெட்டாத பக்கத்தில் பென்சில் எழுத்து

இதை நம்பச் சொல்லி உங்கள் காலில் விழப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் குடிக்கிறவன் இல்லை. கண்ணில் கோளாறும் இல்லை. இருந்தால் பத்தொன்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். ஒரு கால்புள்ளி இடம் மாறி நின்றாலும் எனக்குக் கண் உறுத்தும். அப்படிப்பட்ட கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அதுவும் நடுச்சாமத்தில் அல்ல. சனிக்கிழமை மதியம், இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், ஒரு நூலகத்தின் மூன்றாவது மாடியில், நல்ல வெளிச்சத்தில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பொறாமைக்காரன். பத்தொன்பது வருடம் அடுத்தவர் புத்தகங்களுக்குத் தலைவாரி, பொட்டு வைத்து அனுப்பியவன். எழுதியவர்கள் அட்டையில் சிரிப்பார்கள். என் பெயர் நன்றியுரையில்கூட வராது. ஒவ்வொரு புத்தகம் வெளியே போகும்போதும் வயிறு எரியும். எனக்கும் ஒரே ஒரு புத்தகம் வேண்டும் என்றிருந்தது.

விஷயமும் கையில் இருந்தது. எல்லைப்புறம். நாட்டின் கடைசி ஊருக்கும் அப்பால் இருக்கிற மலைகள், ஒரு கணவாய், கணவாயின் வாயில் ஒரு பாழடைந்த கோட்டை. நான் அங்கே போனதில்லை. ஆனால் அதைப் பற்றி வந்த புத்தகங்களைப் பைத்தியம் மாதிரி படித்திருக்கிறேன். நில அளவை அதிகாரி எழுதினால் அந்த மலை வெறும் உயரமும் தூரமும். சிப்பாய் எழுதினால் அது தண்டனை. நாவலாசிரியர் எழுதினால் வீரமும் துரோகமும். இத்தனை பேரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: கோட்டையின் வாயிற்காவலன் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டான். எல்லைப்புறத்தில் துரோகி என்றால் இன்றைக்கும் அவன்தான். இந்தக் கதை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனது என்பதுதான் என் புத்தகம்.

என் மனைவியின் தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. "எல்லைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காம எல்லையப் பத்தி எழுதுற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்" என்பான்.

அச்சக முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "புதுசா ஏதாவது கண்டுபிடிச்சிருந்தா போடுறேன். நாலு பேரு ஏற்கெனவே சொன்னதையே சொன்னா வேணாம், சொல்லிட்டேன்" என்றார். அதாவது, நான் முதல் ஆளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகம் இல்லை.

மூன்றாவது மாடியில் எல்லைப்புறத்துக்கென்று தனியாக இரண்டு அலமாரிகள். எதிரே ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். யாரும் அங்கே உட்காருவதில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

எடுத்த முதல் புத்தகத்திலேயே பென்சில் குறிப்பு. நில அளவை அதிகாரியின் பயண நூல், பக்கம் 88. ஓரத்தில் பொடி எழுத்தில்: 'இவர் கணவாய்க்குப் போகவே இல்லை. கேட்டு எழுதியது.' நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அதே முடிவுக்கு வந்திருந்தேன். அடுத்த புத்தகத்திலும் அதே கையெழுத்து. அதற்கடுத்ததிலும். நான் எங்கே கோடு போட நினைத்தேனோ, அங்கே ஏற்கெனவே கோடு இருந்தது. பின்னட்டையில் ஒட்டியிருந்த இரவல் சீட்டைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே உறுப்பினர் எண். 417.

ஆள் யாரென்று தெரியாது. நானே ஒரு பெயர் வைத்தேன். முந்திரிக்கொட்டை.

சிரிக்காதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு முன்னால் ஒருவர் வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தால் உங்களுக்கும் எரியும். எனக்கு அந்தக் கையெழுத்தே பிடிக்காமல் போயிற்று. அவ்வளவு அழகாக இருந்தது அது.

அந்தப் புத்தகங்களில் ஒன்று, சரக்கு ஏற்றிப் போன ஒரு வியாபாரி எழுதியது. அதில் எல்லைப்புறத்து நம்பிக்கை ஒன்று வருகிறது. கணவாயில் முதலில் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கல் வைப்பார். பின்னால் வருகிறவர் தன் கல்லை அதன்மேல் வைக்க வேண்டும். முதல் கல்லை எடுத்துப் போடக் கூடாது. போட்டால், அந்தக் கல்லை வைத்தவர் அன்றிலிருந்து இவனுக்கு ஒரு அடி முன்னால் நடந்துகொண்டே இருப்பார். முதுகு மட்டும் தெரியும்.

நல்ல கதை என்று குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஏழாவது சனிக்கிழமை எனக்கு அது கிடைத்தது. கோட்டை வைத்தியரின் நாட்குறிப்பு, பக்கம் 203. 'வாயிற்காவலர் இன்று காலை இறந்தார். அடக்கம் செய்தோம்.' தேதியைப் பார்த்தேன். கோட்டை விழுவதற்கு இரண்டு வருடம் முன்பு!

செத்தவன் எப்படிக் கதவைத் திறப்பான்? இத்தனை புத்தகங்களும் பொய். நான்தான் முதல் ஆள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

ஓரத்தில் பென்சில். 'இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அப்படியானால் திறந்தது யார்?'

சுற்றிப் பார்த்தேன். மாடியில் யாருமில்லை. பையிலிருந்து அழிரப்பரை எடுத்தேன். தேய்த்தேன். எழுத்து போய்விட்டது. துகள்களை ஊதித் தள்ளினேன். சுவர்க்கடிகாரத்தில் மணி 4:10.

மனசாட்சி உறுத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை. மேசை ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அழிரப்பர் துகள்கள். நான் ஊதித் தள்ளியவை. ஒன்றின்மேல் ஒன்றாக, சின்னக் குவியலாக... அடுக்கி வைத்த மாதிரி.

கூட்டுகிறவர் வேலை என்று துடைத்துவிட்டேன்.

3:25 இருக்கும். முதுகுக்குப் பின்னால், அலமாரிகளுக்கு நடுவில், சத்தம். சரக்... சரக்... பிழை திருத்துகிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? பென்சில் தாளில் ஓடுகிற சத்தம். நான் எழுதுவதை நிறுத்தினேன். அதுவும் நின்றது. எழுதினேன். அதுவும் தொடங்கியது. ஆனால் எனக்கு ஒரு நொடி முன்னதாக.

எழுந்து போய்ப் பார்த்தேன். யாருமில்லை. தரையில் பென்சில் சீவல் ஒன்று கிடந்தது. சுருள் சுருளாக. மரவாசனை போகவில்லை.

அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் விட மனசில்லை. முக்கால் புத்தகம் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு நூல்தான் பாக்கி. கோட்டைப் படையின் தினப்பதிவு, முதல் தொகுதி. அடுத்த சனிக்கிழமை நூலகர் அம்மாவிடம் கேட்டேன். பூட்டிய பீரோவைத் திறந்து, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

"ஒருத்தங்க கேட்டாங்கன்னு வாங்கினது சார். அப்புறம் யாருமே எடுக்கல. பாருங்க, பக்கமே வெட்டல."

உண்மைதான். பழைய முறையில் கட்டிய புத்தகம். தாளை மடித்துத் தைத்துவிட்டு, மடிப்பை வெட்டாமலே விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. பின்னட்டையில் இரவல் சீட்டு வெள்ளையாக இருந்தது. 417 இல்லை.

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. முந்திரிக்கொட்டை தொடாத புத்தகம்! அங்கேயே நின்று, இரண்டாம் தொகுதியையும் வாங்கச் சொல்லி வேண்டுகோள் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'வந்ததும் எனக்கே முதலில் தரவும்.' நூலகர் அம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடிதம் பிரிக்கிற கத்தி ஒன்றைக் கொடுத்தார்.

மணி 3:40. ஜன்னலோர மேசை. எதிர் நாற்காலி வெளியே இழுத்திருந்தது. உள்ளே தள்ளினேன்.

முதல் மடிப்பைக் கீறினேன். சுத்தமான தாள். இரண்டாவது மடிப்பு... சுத்தம். மூன்றாவது... நான்காவது... ஒரு கோடு இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஐந்தாவது மடிப்பில் கத்தியை விட்டேன். மேற்பக்கமும் பக்கவாட்டும் மூடிய மடிப்பு. கீழ்ப்பக்கம் ஒரு விரல் நுழையும். பென்சில் பிடித்த கை நுழையாது.

கீறினேன். பிரித்தேன்.

அச்சில் இருந்தது இது: 'இறந்த வாயிற்காவலரின் சாவிகளும் வேலையும் இன்று அவர் மகனிடம் ஒப்படைக்கப்பட்டன.'

ஓரத்தில் பென்சில்.

அதே பொடி எழுத்து. அதே அழகு.

'மகன்தான் திறந்தான். பழைய கதை சரி.'

அதன் கீழே...

'இதையாவது அழிக்காதீர்கள்.'

ஓடியிருக்க வேண்டும்.

ஓடவில்லை. ஏன் தெரியுமா? பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. இங்கேயும் எனக்கு முன்னால்! அதோடு, இந்த ஒரு வரி வெளியே தெரிந்தால் என் புத்தகம் செத்தது.

அழிரப்பரை எடுத்தேன்.

தேய்த்தேன்.

சரக்...

சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. எதிரிலிருந்து வந்தது.

நிமிரவில்லை.

சரக்... சரக்...

தேய்த்து முடித்தேன்.

சத்தம் நின்றது.

மெல்ல நிமிர்ந்தேன். மணி 4:10.

எதிர் நாற்காலி... வெளியே இழுத்திருந்தது.

மாடிப்படிகளை எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் புத்தகத்தை முடித்தேன். மகனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முதலாளி தோளில் தட்டினார். "இது புதுசுய்யா!" என்றார். நானே பிழை திருத்தினேன். நானே கடைசித் தாள்வரை பார்த்தேன். அச்சாயிற்று.

எனக்கான இருபத்தைந்து பிரதிகள் கட்டாக வீட்டுக்கு வந்தன. ஞாயிறு காலை 11:00. கட்டைச் சுற்றியிருந்த நாடாவை நானே வெட்டினேன். மனைவி முதல் பிரதியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அவள் தம்பி இன்னொன்றைப் புரட்டினான்.

"மச்சான், 112-ஆம் பக்கத்துல இது என்ன, நீங்க எழுதினதா?"

வாங்கிப் பார்த்தேன். பென்சில். பொடி எழுத்து.

'மகனை விட்டுவிட்டீர்கள்.'

மனைவி கையிலிருந்ததைப் பிடுங்கினேன். பக்கம் 112. அதிலும். மூன்றாவது பிரதி. அதிலும். இருபத்தைந்திலும்... அதே இடத்தில். அச்சு இல்லை. விரலில் கரி ஒட்டியது.

இந்தத் தடவை அழிரப்பரை எடுக்கவில்லை. வாயிற்காவலனுக்கு ஒரு மகன் இருந்தான். கதவைத் திறந்தவன் அவன்தான். அதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, 417. எடுத்த கல்லை இதோ இங்கே திருப்பி வைத்துவிட்டேன்.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். மாடிக்கு அல்ல, கீழே நூலகர் அம்மாவிடம். 417 யார் என்று கேட்டேன்.

"டீச்சர். பள்ளிக்கூடத்துல வரலாறு எடுத்தவங்க. பதினோரு வருஷம் சனிக்கிழமை தவறாம வந்தாங்க சார், எல்லைப்புறத்தப் பத்திப் புத்தகம் எழுதணும்னு. பாவம், முடிக்கல."

"இப்ப எங்க இருக்காங்க?"

நூலகர் அம்மா மாடிப்பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க உக்கார்ற மேசையிலதான். பென்சில் கையில இருக்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. நாலு, நாலேகால் இருக்கும். ஆறு வருஷம் ஆச்சு."

"அந்த வெட்டாத புத்தகம்...?"

"அவங்க கேட்டுத்தான் வாங்கினோம். போய்ச் சேர்ந்து பதினேழு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. அவங்க கண்ணாலகூடப் பாக்கல."

இழுப்பறையைத் திறந்து பழைய வேண்டுகோள் சீட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். 'கோட்டைப் படையின் தினப்பதிவு, முதல் தொகுதி.' பென்சிலில், அதே பொடி எழுத்தில். கீழே ஒரு வரி, இரண்டு முறை அடிக்கோடிட்டு:

'வந்ததும் எனக்கே முதலில் தரவும். எனக்கு முன்னால் வேறு யாரும் இதைத் திறக்கக் கூடாது.'

போன வாரம் நூலகத்திலிருந்து தகவல் வந்தது. நான் கேட்ட இரண்டாம் தொகுதி வந்துவிட்டதாம். அதுவும் பக்கம் வெட்டாத பிரதியாம். எனக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் இன்னும் போகவில்லை.