தலை வெட்டும் மாதம்

செடியின் கழுத்தில் தூண்டில் நரம்பை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் எதிரெதிராக இழுக்கிறார் கிளெம் ஹேகட். நறுக்கென்று ஒரு சத்தம். அடுக்கடுக்காக இலை விரித்துப் பெரிய ரோஜாப்பூ மாதிரி இருந்த தலை அவர் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. அதை முட்டை அட்டையில் காய வைத்துவிட்டு அடுத்த கழுத்துக்குப் போகிறார். செப்டம்பர் பிறந்து, பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரான போர்ட் லிங்கனில் குளிர்கால மழை ஓய்ந்துவிட்டால் அவர் கொட்டகையில் இந்தக் காரியம்தான். வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்துகிறவள் நான். எத்தனை வருடம் பார்த்தும் அந்தச் சத்தம் கேட்டால் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

புதிதாக வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். நூலகத்தில் வேலை பார்க்கும் க்வென்டா, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட தன் செடியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்" என்றாள். வாக்கியம் முடிவதற்குள் தலை தனி, தண்டு தனி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உசுரா வச்சிருந்தேனே..."

"அழாதம்மா. தலையும் வேர் விடும், மொட்டைத் தண்டுலயும் குட்டி வெடிக்கும். ஒண்ணு குடுத்த, கூடை நிறைய வாங்கிட்டுப் போவ."

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஆனாலும் க்வென்டா அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

கிளெம் பாதி ஆயுளைச் சூரை மீன் படகுகளில் கழித்தவர். தூண்டில் நரம்பு அந்தக் காலத்துச் சொத்து. கொட்டகை முழுக்கச் சதைப்பற்றுச் செடிகள், ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் மீன் டின்களிலும் மூக்குப் போன தேநீர்க் கெண்டிகளிலும். நன்றாக வளரும் செடிகளுக்குப் பெயர் கிடையாது. அடம்பிடிக்கிறவற்றுக்கு மட்டும் தனக்குப் பிடிக்காத கால்பந்து நடுவர்களின் பெயர். "டேய், உனக்குக் கண்ணும் தெரியாது, வளரவும் தெரியாது" என்று காலையில் அவர் ஒரு டப்பாவைத் திட்டுவது வேலி தாண்டிக் கேட்கும். தண்ணீர் ஊற்றும் விஷயத்தில் மகா கஞ்சன். "பாசம் பொங்கினா கையக் கட்டிக்கிட்டு நில்லு. கொடத்தத் தூக்காத" என்பார் எல்லாரிடமும்.

மழையில் தண்டு அழுகிய செடிகளுக்குத்தான் கத்தி. கீழிருந்து, வெள்ளரிக்காய் அரிவதுபோல் வட்டம் வட்டமாக அரிந்துகொண்டே மேலே போவார். ஒவ்வொரு வட்டத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு தெரிந்தாலும் இன்னொரு வட்டம். ஒருமுறை பாதிச் செடி போய்விட்டது. எனக்கே தாங்காமல், "போதும் கிளெம், சின்னப் புள்ளிதானே" என்றேன்.

"ரோவீனா, புள்ளிய விட்டுவச்சா நாளைக்கு முழுசையும் தின்னுடும். நீ வேணும்னா வீட்டுக்குள்ள போய் அழு."

இன்னொரு விஷயம், செருப்பு. கிளெம் போட மாட்டார். கடைக்கும் வெறுங்கால், வங்கிக்கும் வெறுங்கால். எங்கள் ஊரில் அது பெரிய அதிசயமில்லை. அதிசயம், நெருஞ்சி மண்டிக் கிடக்கும் பின்சந்தில் அவர் நடப்பது. போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, கையில் பீர் டின்னோடு அந்த முள்ளின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "ஹேகட் வம்சத்துப் பாதம். மாட்டுத்தோல்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். அவர் மனைவி வெர்னா மட்டும், "தோல் தடிச்சது கால்ல மட்டுமில்ல" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

இந்த செப்டம்பரில் ஒரு காலை, விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொட்டகையிலிருந்து குழாய் வரை சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் காலடித் தடங்கள். வர்ணம் ஏதோ கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கிளெம் குழாயடியில் வாயால் விசிலடித்தபடி தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றியும் சிவப்பு.

"கிளெம், உன் கால்ல ரத்தம்."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

கையில் இருந்த விரிப்பை மண்ணில் போட்டுவிட்டேன். வெர்னா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வலது காலைத் தூக்கிப் பார்த்தால், உடைந்த மண்தொட்டிச் சில்லு ஒன்று பெருவிரலுக்குக் கீழே பாதி புதைந்திருந்தது. மேசையிலிருந்து ஆணியைப் பிடுங்குவதுபோல அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். "பாத்தியா, மாட்டுத்தோல்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும். மாத்திரையை நிறுத்திப் பல காலம் ஆனது வெர்னாவுக்கே அன்றுதான் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸ் கைதட்டல் ஞாபகம் வந்து எனக்கு உடம்பு கூசியது. தோல் தடித்திருக்கவில்லை. அந்தக் கால் எப்போதோ செத்துப்போக ஆரம்பித்திருக்கிறது.

மருத்துவரிடம் போகச் சொன்னோம். வெட்டு மாதம் முடியட்டும் என்றார். பிறகு சில நாட்கள் கழித்து வெர்னா வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த மனுஷன் காலுறை போட்டிருக்கான் ரோவீனா" என்றாள். "எங்க கல்யாணத்துக்கே போடல." அன்று மாலை அவர் நாற்காலியில் தூங்கும்போது அவளே உருவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துக் கிடந்தன. அந்த வாடை இரண்டு நாள் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லோமாஸ் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு வழி சொன்னார். விரல்களை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். ஆனால் காலில் ரத்த ஓட்டம் மோசம், ஆறாமல் மேலே ஏறலாம், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டி வரலாம். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே ஒரேயடியாக. அங்கே ஆறும், செயற்கைக் கால் பொருத்தி நடக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும், ஆள் மிஞ்ச மாட்டார்.

கிளெம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எதையும் வெட்ட வேணாம்."

அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கு அடுத்த நாளும். வெர்னா பொறுத்துப் பார்த்து வெடித்துவிட்டாள்.

"ஊர்ல இருக்கற செடியெல்லாம் கழுத்தறுத்தவன்தான நீ? கை நடுங்குச்சா? யாரையாவது கேட்டியா? இப்ப மட்டும் என்ன?"

அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"செடிக்குத் திரும்ப முளைக்கும் வெர்னா."

வெர்னா நாற்காலியை இழுத்து அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்தாள். அந்த வாயிலிருந்து கேலி வரும், வசவு வரும். அதிலிருந்து பயம் வந்ததை நான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் போய், யார் யாருடையதோ கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கட்டைப் பிரிக்க வந்தபோது காய்ச்சல் ஏறியிருந்தது. பாதத்தின் சிவப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. கிளெம் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா, நான் கண்ண மூடிக்கறேன். நீங்க தொட்டுக்கிட்டே மேல வாங்க. தெரியற இடத்துல சொல்றேன்."

டாக்டர் விரலால் தொட்டார். கறுத்த விரல்கள், உள்ளங்கால், குதிகால். கிளெம் பேசவில்லை. கணுக்கால். பேசவில்லை. வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடத்தில் அவள் நகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுசதையில் பாதி ஏறிய பிறகு, "இப்ப லேசா" என்றார். கண்ணைத் திறந்து, டாக்டரின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அவ்வளவு தூரமா?"

"ஆமா கிளெம்," என்றார் டாக்டர். பிறகு, அவர் முகத்தைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, கையைக் கீழே கொண்டுவந்து விரல்களின் அடியில் வைத்தார். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா முதல்ல இங்க மட்டும் எடுத்துப் பாக்கலாம். முடிவு உங்களோடது."

கிளெம் எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் கையால் பிடித்து, பாதத்தைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டு போய் முழங்காலுக்குக் கீழே வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.