மஞ்சள் துணி சுற்றிய தீர்த்தம்

பட்டு எரிந்தால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம்தான் வரும். அது முகூர்த்தப் பட்டா, கோயில் பட்டா என்பதெல்லாம் நெருப்புக்குத் தெரியாது. நகரியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து அந்த நாற்றம் அடிக்கடி எழும்பும், என் பாவாடையிலும் ஏறிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "இன்னிக்கி யார் வூட்டுப் பொடவைடீ?" என்று கேலி செய்வார்கள். என் அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் 'நைனா', கிழிந்துபோன பட்டுப்புடவைகளை வாங்கி, ஜரிகைக் கரையை அறுத்து எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து வெள்ளியையும், அடியில் தங்கினால் ஒரு பொட்டுப் பொன்னையும் பிரித்தெடுக்கிறவர்.

எரிப்பது யாருக்கும் கைவரும். பிரிப்பதற்குத்தான் சரக்கு வேண்டும், அந்தச் சரக்கைத் தேடி அலைந்தே நைனாவின் செருப்பு தேய்ந்தது. வெண்காரமும் நவச்சாரமும் சித்தூர் கடைவீதியில் கேட்டபோதெல்லாம் கிடைக்கும். கடைக்காரருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்றாலும் வெண்காரத்தை 'வெலிகாரம்' என்று தெலுங்கில் கேட்டால்தான் முகம் மலர்ந்து நிறுப்பார் என்பதால், நைனா பஸ்ஸில் போகும்போதே இரண்டு பாஷையிலும் முணுமுணுத்துக்கொண்டு போவார். வம்பெல்லாம் வெள்ளியைக் கரைக்கிற வெடியுப்புத் திராவகத்தோடுதான். முன்பெல்லாம் அது திருத்தணியில் கிடைத்துக்கொண்டிருந்தது. எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மதராஸ் பக்கம் போய், நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட பிறகு பக்கத்து ஊர் வேறு ராஜ்யமாகிவிட்டது. வழியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், பர்மிட் எங்கே என்றார்கள். "கோடு போட்டவனுக்கு இன்னா, நடக்கறவனுக்குத்தானே காலு வலி" என்று நைனா புலம்பினார். கடைசியில் திருப்பதியில் பித்தளைப் பாத்திரங்களுக்கு மெருகு போடுகிற ஒருவரைப் பிடித்தார். அவர் தம் பங்கிலிருந்து மாதம் ஒரு பாட்டில், காதும் காதும் வைத்தாற்போலக் கொடுப்பார். வெளியே தெரிந்தால் இரண்டு பேருமே கம்பி எண்ண வேண்டியதுதான்.

அதனால் அந்தக் கண்ணாடிப் பாட்டிலை மலைக்குப் போய்வந்தவர்களைப் போல மஞ்சள் துணியில் சுற்றி, மேலே துளசி செருகி எடுத்துவருவார். பஸ்ஸில் கேட்டாலும் தெருவில் கேட்டாலும் ஒரே பதில்: "தீர்த்தம்." வீட்டுக்குள்ளும் அதே பெயர்தான். என் தம்பியின் கை எட்டாத இடமாகவும், குளிக்காமல் யாரும் தொடாத இடமாகவும் இருக்கட்டும் என்று அதைச் சாமி மாடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாளே, இந்தப் பொய்க்கு எங்க கண்ணைக் குத்திடாதப்பா" என்பாள். தெருவோ, மாதம் தவறாமல் ஏழுமலையானைச் சேவிக்கிற மனுஷன் என்று நைனாவை மெச்சியது. அவர் மலையடிவாரத்தோடு திரும்பிவிடுகிறவர் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றுதான்: "தவளை தன் வாயாலதான் கெடும். யார் கேட்டாலும் வாயத் தொறக்காத."

எங்கள் வீட்டுக்கு எதிரே தாயாரக்கா இருந்தாள். அவள் புருஷன் வரதப்பன் கைத்தறி நெய்கிறவர். அவர் தறிக்குழியில் இறங்கி மிதிக்கிற சத்தம்தான் என்னைக் காலையில் எழுப்புகிற சத்தம். அது நின்றுபோய் இருமல் சத்தமாக மாறி, அப்புறம் அந்த இருமலுக்கும் வலுவில்லாமல் போயிற்று. அம்மா பிரசவத்துக்காகத் தம்பியையும் அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது. நைனா வெண்காரம் வாங்கச் சித்தூருக்குப் போயிருந்தார். மத்தியானத்தில் தாயாரக்கா அவிழ்ந்த கூந்தலைக்கூட முடியாமல் ஓடிவந்தாள்.

"பாப்பா, அந்தாளுக்கு உசுரு தொண்டையில நிக்குது. பெருமாள் தீர்த்தம் பெருமாள் தீர்த்தம்னு வாய் மட்டும் அசையுது. ஒரு சொட்டு குடும்மா."

"இல்லக்கா" என்றேன்.

அவள் மாடத்தைப் பார்த்தாள். மஞ்சள் துணியும் துளசியுமாக அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. "இன்னாம்மா இது, கண்ணு முன்னால வெச்சிக்கினு இல்லன்றியே" என்று கையை நீட்டினாள். ஒருமுறை அது கீழே சிந்தியபோது சிமெண்ட் தரை பொங்கி நுரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பாய்ந்து பாட்டிலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "தரமாட்டேன், போ!" என்று கத்தினேன். அது விஷம், குடித்தால் வெந்துபோவார் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. தவளையும் கூடவே வந்தது. தாயாரக்கா குழித்த கையை இறக்கிக்கொண்டாள். சண்டைபோடவில்லை, சபிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டில் அழுகுரல் கேட்டது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் முதலில் கேட்டது, "அது இன்னான்னு சொல்லிட்டியா?" என்றுதான். இல்லை என்றேன். "நல்ல புள்ள" என்று தலையைத் தடவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே நான் ரகசியம் காத்த கெட்டிக்காரி என்று பூரித்துக்கொண்டு நிற்கிறேன். சே, அந்தப் பூரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தெரு எங்களை ஒன்றும் சொல்லவில்லை. தாயாரக்கா யாரிடமும் சொல்லவில்லை என்பதே காரணம். வாசல் பெருக்க வரும்போது என்னைப் பார்த்தால் பழையபடி சிரிக்கத்தான் செய்தாள்; நான்தான் தண்ணீருக்குக்கூட சுற்றுவழியாகப் போனேன். தெவசம் கழிந்த பிறகு ஒரு நாள் அவளே தன் முகூர்த்தப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தாள். இனி அதைக் கட்டப்போவதில்லை, வெள்ளி எவ்வளவு வருகிறதோ வரட்டும், கூட இருந்து பார்க்கிறேன் என்றாள். நைனா மறுக்க முடியாமல் கரையை அறுத்தார், எரித்தார், சாம்பலை அலசிப் பீங்கான் கிண்ணத்தில் போட்டார். உள்ளே போய் அந்தப் பாட்டிலை எடுத்துவந்தார். பழக்கதோஷம், மஞ்சள் துணியோடேயே எடுத்துவந்துவிட்டார்.

ஊற்றியதும் கிண்ணம் கொதித்துச் செங்காவி நிறத்தில் புகை கிளம்பியது. தாயாரக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புகையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுவா பாப்பா, அன்னிக்கி மாடத்துல இருந்தது?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீ தரலன்னு நான் ஒண்ணும் நெனைக்கலம்மா. தீர்த்தம் கேட்டுப் போயி இல்லன்னு வந்தா, அது மனுசங்க பேச்சு இல்ல, பெருமாளே வேணான்னுட்டாருன்னு நெனச்சிக்கினேன். அதான் வேற எங்கியும் கேக்காம போயி பக்கத்துல குந்திக்கினேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "திராவகம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தெருக்கோடி வூட்டுல கேட்டிருப்பேனே பாப்பா. அவங்க மலைக்குப் போயி எடுத்தாந்த தீர்த்தம் சொம்பு நெறைய இருந்துதாமே. அந்தாளு கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாரு."

நைனா பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டார். அன்றிலிருந்து பாட்டில் மாடத்துக்குப் போகவில்லை, கொல்லைக் கூரையின் இறவாணத்துக்கடியில் ஒரு பெட்டியில் கிடந்தது; அவரும் யார் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று அதைத் 'திராவகம்' என்றே சொல்ல ஆரம்பித்தார். திருப்பதிவரைக்கும் போகிறவர் ஒரு தடவையாவது மலையேறக்கூடாதா என்று அம்மா கேட்டால், "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு?" என்பார். கடைசிவரை ஏறவில்லை.

இப்போது அந்தத் தெருவில் தறிக்குழி ஒன்றுகூட இல்லை, எல்லாம் விசைத்தறி. எங்கள் வீட்டை இடித்துத் தம்பி மாடி எடுத்தபோது சாமி மாடமும் போயிற்று. தாயாரக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. கோடி வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. என் பேரன்கள் என்னை ஒரு விஷயத்துக்காகத்தான் கிண்டல் செய்கிறார்கள்: யாராவது வாசலில் வந்து ஒன்று கேட்டால், அது உறை மோராக இருந்தாலும் சரி, எனக்கு 'இல்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளத் தெரியாது. ஏன் இல்லை என்று சொல்லி, எந்த வீட்டில் இருக்கும் என்று சொல்லி, தெருவில் இறங்கிக் கை காட்டி, அவர்கள் அந்தக் கதவைத் தட்டுகிறார்களா என்று பார்த்த பிறகுதான் நான் உள்ளே வருவேன்.